கப்பல் மெதுவாக வந்த வருஷம்

கப்பல் சரக்கு ஏஜென்சியில் கட்டணம் சொல்லும் மேசை அவளுடையது. வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் ரேட்டக்கா. கணவன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். அறுபது நாளைக்கு ஒருமுறை அந்தக் கப்பல் இந்தத் துறைமுகத்தில் ஒரு பகல் நிற்கும். அந்த ஒரு பகலை நம்பித்தான் மற்ற நாட்களை அவள் தள்ளினாள்.

"ஏன்க்கா, மாசத்துக்கு ஒரு ரேட்டு சொல்றீங்க?" என்று கேட்பவர்களுக்குச் சலிக்காமல் பதில் சொல்வாள். "சரக்கு அதிகம், கப்பல் கம்மின்னா ஏறும். ஆசைப்பட்டு எல்லாரும் புதுக் கப்பல் கட்டுவாங்க. அப்புறம் பாதி காலியா ஓடும், ரேட்டு தரைக்கு வந்துடும்."

அந்த வருஷம் தரைக்கு வந்தது. வாடிக்கையாளர்களுக்கு வாயெல்லாம் பல். அவள் மட்டும் காலண்டரைப் புரட்டினாள். வருமானம் குறைந்தால் எண்ணெயை மிச்சம் பிடிக்கக் கப்பலை மெதுவாக ஓட்டுவார்கள். அறுபது நாள் எண்பதாகிவிடும்.

"நான் இறங்கி நடந்தா முன்னாடியே வந்துடுவேன்" என்றான் அவன், போனில்.

"நடந்து வாங்களேன், யாரு வேணாங்கறா?"

சிரித்துக்கொண்டே போனை மகளிடம் கொடுத்தாள்.

ஒருவழியாகக் கட்டணம் ஏறத் தொடங்கியது. மேசையைச் சுற்றி ஒரே கூச்சல். கப்பல் வேகமெடுத்துவிட்டது என்று அவளுக்கு மட்டும் உள்ளூரக் குளிர்ந்தது. கப்பல் வரவேண்டிய பதினான்காம் தேதியைக் காலண்டரில் மகள் பச்சைப் பென்சிலால் வட்டமிட்டாள். பன்னிரண்டாம் தேதி காலை தலைமை அலுவலகத்திலிருந்து செய்தி: வேறு துறைமுகத்தில் இரு மடங்கு கட்டணம் கிடைக்கிறது, கப்பல் இம்முறை இங்கே வராது, சரக்குக்காரர்களுக்குத் தெரிவிக்கவும்.

தெரிவிக்க வேண்டியவள் அவள்தான். பதினோரு பேருக்குப் போன் போட்டாள். டைல்ஸ் வியாபாரி எகிறினார். "என் சரக்கு அதுலதானே இருக்கு! உங்களுக்கென்ன, சொல்லிட்டு வெச்சுடுவீங்க."

"என் வீட்டுக்காரரும் அதுலதான் சார் இருக்காரு."

மறுமுனையில் குரல் இறங்கியது. "சாப்டியாம்மா?" என்றார் பிறகு.

அவன் வந்தது அதற்கும் ஏழு வாரம் கழித்து. அவனுடைய வேலை ஒப்பந்தம் முடிந்து வேறொரு துறைமுகத்தில் இறக்கிவிட, பஸ் பிடித்து நேராக அலுவலகத்துக்கே வந்துவிட்டான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே இளைத்துப்போய், தோளில் பையோடு நின்றான். வரிசையில் முதலில் நின்றவர் கட்டணம் கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் எழுந்து ஓடினாள்.

"எத்தனை நாளைக்கு?" என்றாள்.

"மொதல்ல பையை இறக்க விடு."

"இல்ல, சொல்லுங்க."