எதிர்ப்பக்கத்து நாற்காலி

காலியாகக் கிடக்கும் தலைவர் அறைக்குள் நுழைந்ததும் அவர் மேசைக்கு இந்தப் பக்கம், பார்க்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். உதவியாளர் பெரிய நாற்காலிக்கு நேராக வைத்துவிட்டுப் போன கோப்புகளை ஒவ்வொன்றாகத் தன் பக்கம் திருப்பிக் கையெழுத்துப் போடுகிறார். புதிதாக வாங்கிப் போட்ட அந்தத் தோல் நாற்காலி மட்டும் பாலித்தீன் உறைகூடப் பிரிக்காமல் சும்மா கிடக்கிறது. "அது நமக்கு எதுக்கு? நாளைக்கே யாராவது வந்துருவாங்க" என்பார்.

அரசுப் பேருந்து நிறுவனத்தின் துணைப் பொது மேலாளர் அவர். ஒரு தலைவர் போய் இன்னொருவர் வரும்வரை நிர்வாகம் இவர் தலையில்தான் விழும். பணிமனையில் இவருக்கு வைத்த பெயர் 'இடைக்காலம்'. இந்த இடைக்காலம் இரண்டாவது வருடமாக ஓடுகிறது.

எத்தனையோ தலைவர்களைப் பார்த்துவிட்டார். ஒருவர் வாயைத் திறந்தால் ஜன்னல் அதிரும். இன்னொருவர் மெக்கானிக்குகளின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டதோடு சரி. ஒரே ஒருவர்தான், பிரேக் சரியில்லாத பேருந்துகளை யாரையும் கேட்காமல் நிறுத்தினார். "தங்கமான மனுஷன். ஒரே வாரத்துல தூக்கி அடிச்சிட்டாங்க" என்பார் இவர். அவருடைய பெட்டியைக் காரில் ஏற்றிவிட்ட அன்று பிடித்த பயம் இவரை இன்னும் விடவில்லை. "மேல கேட்டுட்டு சொல்றேன்" என்ற பேச்சு அன்றுதான் வாயில் ஒட்டிக்கொண்டது. வீட்டு ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை வாங்கலாம் என்று கேட்டுப் பதில் வராமல், "இதுக்கும் அமைச்சகத்துல கேக்கணுமா?" என்று மனைவி சிரிப்பாள். கூடவே இவரும் சிரிப்பார்.

போன மாதத்திலிருந்து அந்த வீட்டில் சிரிப்பில்லை. பேருந்தைத் தூக்கி நிறுத்தும் லிஃப்டில் எண்ணெய் கசிகிறது, நிறுத்திவிடலாம் சார் என்று ஃபோர்மேன் வந்து சொன்னார். நிறுத்தினால் பழுதுபார்க்கும் வேலை தேங்கும், பேருந்துகள் குறையும், அமைச்சகம் குதிக்கும். இவர் மேலே கேட்டார். பதில் வருவதற்குள் லிஃப்ட் இறங்கிவிட்டது. அடியில் நின்று வேலை செய்த ஃபிட்டர் பிழைக்கவில்லை. விசாரணையில் இவரை யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை, முறைப்படி கேட்டிருக்கிறாரே! யாராவது சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் கொஞ்சமாவது தூங்கியிருப்பார், பாவம்.

இன்று காலை ஃபிட்டரின் மனைவி வந்து வாசலிலேயே நின்றாள். "உள்ள வாம்மா, உக்காரு" என்று எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். அவள் எதிரே காலியாக இருந்த தோல் நாற்காலியைப் பார்த்தாள்.

"பெரிய ஆபீசர் இல்லீங்களா? அந்த மிஷினை ஏன் நிறுத்தலைன்னு ஒரு வார்த்தை கேக்கணும். போற எடமெல்லாம் மேல கேளுங்கறாங்க. நான் யாரைத்தான் கேக்கறது?"

அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். பாலித்தீன் உறை சரசரக்க, தோல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னைக் கேளும்மா" என்றார்.