முன்சக்கரத்துக்கு முன்னால் இரண்டு எலுமிச்சம்பழம்

என் ட்ரெய்லரின் சாமான் பெட்டியில், வாகனங்களைக் கட்டும் பெல்ட்டுகளுக்கும் மரக்கட்டைகளுக்கும் அடியில், ஒரு பழைய பால்மா டின் கிடக்கிறது. அதற்குள் நசுங்கிக் காய்ந்த எலுமிச்சம்பழத் தோல் ஒன்று, சிரட்டைத் துண்டுபோலக் கறுத்து இறுகிப்போயிருக்கிறது. தெரியாதவர்கள் அதைக் கோயில் பிரசாதம் என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் பார்க்கிறார்கள். பிரசாதமாவது மண்ணாவது! அது சாட்சி. என் அக்கா புருஷனோடு திரும்பவும் வாய்த்தகராறு வந்தால் முகத்துக்கு முன்னால் நீட்டலாம் என்று மூன்று வருஷமாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். அந்தப் பழத்துக்காகத்தான் அத்தானை என் வண்டியை விட்டு இறக்கினேன்.

கண்டி மஹய்யாவையில் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் எல்லோருக்கும் தெரியும். கேப் என்று நாங்கள் சொல்லும் பிக்கப்பும் அது இழுக்கும் ட்ரெய்லரும் என்னுடையவை, ஓட்டுவதும் நான். ஏற்றுவது, கட்டுவது, இறக்குவது எல்லாம் அத்தான். நடுவழியில் நின்றுபோன வேன், விபத்தில் மூஞ்சி நசுங்கிய கார், ஓடாத பழைய ஜீப் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவோம். அத்தானுக்கு வாயில் ஒரே வார்த்தை, ‘ஷேப்’. கண்டியில் மூன்று இனத்துக்காரரும் சொல்லும் வார்த்தைதான் அது, எதையும் அப்படி இப்படிச் சரிக்கட்டிவிடலாம் என்று அர்த்தம். பெல்ட் நைந்திருக்கிறது என்றால் “ஷேப் பண்ணிரலாம் மாப்ள.” டயரில் காற்று குறைவு என்றால் “ஷேப் பண்ணிரலாம் மாப்ள.” ஒரு நாள் நான் கத்தியேவிட்டேன். “அத்தான், கடுகண்ணாவ மலை வளைவுல போய் ஷேப்புன்னு சொல்லிப் பாருங்க, அது கேக்குமான்னு.” அவர் அதற்கும் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதைவிட எரிச்சல் தரும் பொருள் என் வண்டியில் வேறு எதுவும் இருந்ததில்லை.

அடுத்தது எலுமிச்சம்பழம். தூரப்பயணம் என்றால் விடியற்காலையிலேயே நான்கு பழத்தை வாங்கி மடியில் கட்டிக்கொண்டுதான் வருவார். புறப்படும்போது கேப்பின் நான்கு சக்கரத்துக்கும் ஒவ்வொன்று வைப்பார். நான் வண்டியை எடுக்க, பழம் ‘பொசுக்’கென்று நசுங்க, அவர் பின்னாலிருந்து “போலாம் ரைட்” என்று குரல் கொடுத்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை, ஆனாலும் விட்டுவிட்டேன். ஒரே ஒரு சட்டம் மட்டும் போட்டேன். பழம் கேப்போடு நிற்க வேண்டும், ட்ரெய்லருக்கு மேலே ஏறக் கூடாது. ஏற்றிய வாகனத்தின் சக்கரம் பலகையில் உட்கார வேண்டும், முன்னால் இருக்கும் இரும்புத் தடையில் முட்டி நிற்க வேண்டும். இடையில் பூவோ பழமோ எது இருந்தாலும் அது ஒரு நேரம் நசுங்கும், நசுங்கினால் வாகனம் நகரும், நகர்ந்தால் பெல்ட் தளரும். இதை அத்தானுக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன்.

அந்த முறை ஏற்றியது ஒரு ஸ்போர்ட்ஸ் கார். ஹந்தானைப் பாதையில் வீடு, சொந்தக்காரர் யாழ்ப்பாணத்து டாக்டர். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் பானட். கொழும்பில் ஒருவரிடம் எஞ்சின் வேலைக்குக் கொண்டுபோக வேண்டும். டாக்டர் அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பெற்ற பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறவர்கூட அப்படித் தவித்திருக்க மாட்டார். துணி உறையால் மூடிக் கொண்டுபோகச் சொன்னார். திறந்த ட்ரெய்லரில் காற்றுக்குத் துணி அடித்துக்கொண்டே வரும், உள்ளே ஒரு மண் துணிக்கை இருந்தால் போதும், கொழும்பு போய்ச் சேருவதற்குள் பெயின்ட்டை உரசித் தின்றுவிடும் என்று சொல்லிப் புரியவைக்க எனக்குக் கால் மணித்தியாலம் பிடித்தது. முன் பம்பர் ஏற்றுப்பலகையில் இடிக்காமல் இருக்க இன்னும் இரண்டு நீளப் பலகை வைத்து, கம்பி சுற்றும் வின்ச்சால் அங்குலம் அங்குலமாக இழுத்தோம். பெல்ட்டை உடம்பில் போடாமல் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாகப் போட வேண்டும் என்று அத்தானிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டாக்டரின் மனைவி பிளேன்டி ஊற்றிவிட்டதாகக் கூப்பிட்டார்கள். நான் போய் உட்கார்ந்தேன். பாலில்லாமல் இஞ்சி போட்ட தேத்தண்ணீர். குடித்துவிட்டு வந்தபோது அத்தான் நான்கு பெல்ட்டையும் இறுக்கி முடித்திருந்தார். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். தம்புராக் கம்பி மாதிரி விண்ணென்று இருந்தன. திருப்திதான். டாக்டர் “ஆறுதலா கொண்டு வாங்கோ தம்பி” என்று சொல்லிவிட்டுத் தன் இன்னொரு காரில் கொழும்புக்கு முன்னால் போய்விட்டார். கேப்பின் சக்கரத்தில் நான்கு பழமும் நசுங்க, “போலாம் ரைட்” கேட்க, புறப்பட்டோம்.

பேராதனை தாண்டும்வரை ஒன்றும் இல்லை. கடுகண்ணாவை இறக்கத்தில் தூறல் பிடித்தது. இரண்டாவது கியரில் இறங்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பிரேக்குக்கும் பின்னாலிருந்து ‘டக்’கென்று ஒரு சத்தம். மூன்றாவது தடவை கேட்டதும் ஓரம் கிடைத்த இடத்தில் நிறுத்தி இறங்கி ஓடினேன். முன் பெல்ட் இரண்டும் ஈரச்சேலை மாதிரித் தொய்ந்து கிடக்க, ஒன்றின் ஹூக் கழன்று பலகையில் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் பாறை, மற்றப் பக்கம் பள்ளம், பின்னால் பஸ் நிறையச் சனம். குனிந்து பார்த்தேன். முன்சக்கரத்துக்கும் இரும்புத் தடைக்கும் நடுவில், இரண்டு பக்கமும், நசுங்கி வழிந்த எலுமிச்சம்பழம்.

அந்த இடத்தில் நான் மனுஷனாக இல்லை. “எத்தன தடவ சொன்னேன், ட்ரெய்லர்ல பழம் வைக்காதீங்கன்னு? இந்தக் கார் சரிஞ்சு பஸ்ஸுக்கு முன்னால விழுந்திருந்தா உங்க முருகனா வந்து பதில் சொல்லுவாரு? அக்கா புருஷனாச்சேன்னு இவ்வளவு நாள் பொறுத்தேன். இதோட சரி. இனிமே என் வண்டில கால வைக்காதீங்க!” பஸ்காரன் ஹார்ன் அடிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான். அத்தான் பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சரி மாப்ள. மொதல்ல பெல்ட்ட இறுக்குவோம், தூறல்ல நிக்காத” என்றார். காரைத் தடையில் முட்டும்வரை இழுத்து, புதிதாகக் கட்டி, கொழும்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் ஒப்படைத்தோம். நடந்தது எதையும் டாக்டரிடம் சொல்லவில்லை, எந்த மூஞ்சியோடு சொல்வது? திரும்பி வருவதற்கு அத்தான் என்னோடு ஏறவில்லை, பஸ்ஸில் போய்விட்டார்.

அடுத்த வாரமே அக்குறணையில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் லொறியில் வேலைக்குச் சேர்ந்தார். என் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளித்தான் அவர் வீடு. நல்லது கெட்டதுகளில் பார்த்தால் “என்ன மாப்ள, ரன் எல்லாம் நல்லா போகுதா?” என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். அக்கா தீபாவளிக்குப் பலகாரத் தட்டு அனுப்புவாள், பேச மாட்டாள். போகட்டும், தப்பு அவர் மேல்தானே என்று இருந்துவிட்டேன்.

போன மாதம் டாக்டர் கூப்பிட்டார். “தம்பி, காரை வித்துப்போட்டன். கொழும்புக்குக் கொண்டுபோய்க் குடுக்க வேணும். போன முறை மாதிரியே செய்யுங்கோ. முன்சில்லு ரெண்டுக்கும் தேசிக்காய் நானே வைக்கிறன். போன முறையும் நான் வச்சபடியாத்தானே ஒரு கீறல் விழாமல் போய்ச் சேர்ந்தது.”

யாழ்ப்பாணத்தார் வாயில் சில்லு என்றால் சக்கரம், தேசிக்காய் என்றால் எலுமிச்சம்பழம். டாக்டராம்! ஊருக்கெல்லாம் ஊசி போடுகிறவர், நான் இஞ்சிப் பிளேன்டி குடித்த நேரத்தில் தோட்டத்தில் பறித்த தேசிக்காயைச் செருகியிருக்கிறார். அது கிடக்கட்டும், எனக்கு எங்கே போயிற்று புத்தி? அத்தான் எப்போதும் நான்கு பழம்தான் வாங்குவார். அன்றைக்கும் நான்கும் டாக்டர் வீட்டு வாசலிலேயே கேப்பின் சக்கரத்தில் நசுங்கின. ஐந்தாவதும் ஆறாவதும் எங்கிருந்து வந்தன என்று மூன்று வருஷமாக நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

பால்மா டின்னை எடுத்துக்கொண்டு அத்தான் வீட்டுக்குப் போனேன். தோலைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. “அடப்பாவி, இன்னுமா வச்சிருக்க?”

“அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே அத்தான்!” மன்னிப்புக் கேட்கப் போன வாயில் அதுதான் வந்தது.

“சொன்னா நீ நேரா டாக்டர்கிட்ட சண்டைக்குப் போயிருப்ப. அதோட, அவரு வைக்கிறத நான் பார்த்தேன் மாப்ள. பார்த்துட்டுத்தான் பெல்ட்டப் போட்டேன். பெரிய மனுஷன் ஆசையா வைக்கிறாரு, ஷேப் பண்ணிரலாம்னு விட்டுட்டேன். கட்டுனது என் கை. அப்புறம் அவரு பேர எப்படிச் சொல்றது?”

தப்பு செய்யாதவர் என்று முழுசாக இரங்கவும் விடவில்லை, பாருங்கள். அந்த மனுஷனோடு எதுவும் நேராக முடியாது. “நாளைக்கு டாக்டர் கார ஏத்தணும், வாங்களேன் அத்தான்” என்றேன்.

“நாளைக்கு சிமெந்து ஏத்தணும், மொதலாளி விட மாட்டாரு.” டின்னை மூடி என் கையில் திணித்தார். “நீ சக்கரத்துக்கு முன்னால குனிஞ்சு பாரு, அது போதும். அன்னைக்கு நீ பெல்ட்ட மட்டும்தான் தட்டிப் பார்த்த. குனியவே இல்ல.” கோபமே இல்லாமல்தான் சொன்னார். மூன்று வருஷமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. கடுகண்ணாவையில் நான் கத்திக்கொண்டு நின்றபோதே தெரிந்திருக்கிறது. குனிந்திருந்தால் ஹந்தானையிலேயே முடிந்திருக்கும்.

மறுநாள் காலை டாக்டர் தேசிக்காயோடு வாசலில் நின்றார். இரண்டையும் வாங்கி என் கேப்பின் முன்சக்கரத்துக்கு வைத்தேன். பிளேன்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ட்ரெய்லரில் ஏறி, நான்கு சக்கரத்துக்கும் முழங்கால் போட்டுக் குனிந்து பார்த்தேன். டாக்டரோ ‘இவ்வளவு நேரம் என்ன பார்க்கிறான்’ என்பதுபோலப் பார்த்தார். டின்னைப் பெட்டியில் பழைய இடத்திலேயே வைத்தேன். அத்தானிடம் நீட்ட வைத்திருந்த சாட்சிதான் அது, இப்போது நான் பார்க்கிறதற்கு. பிறகு ஏறி உட்கார்ந்து பழக்கதோஷத்தில் காத்திருந்தேன். பின்னால் யாரும் இல்லை. நானே “போலாம் ரைட்” என்று சொல்லிக்கொண்டு கியரைப் போட்டேன்.