வாசலோரத்து வாளி

வெம்பக்கோட்டை ரோட்டில் இருக்கும் எங்கள் பட்டாசு கம்பெனியில் யோகேஸ்வரி அக்கா சூப்பர்வைசர். காலையில் வாசலில் நின்று ஒவ்வொருவர் பையையும் மடியையும் பார்ப்பார். போன், தீப்பெட்டி, உரசினால் பொறி கிளப்பும் கொலுசு எதுவும் அவரைத் தாண்டி உள்ளே போகாது. முதலாளியின் மருமகளையே கொலுசைக் கழற்ற வைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்ததும் மற்றவர்கள் திருச்செந்தூர், வேளாங்கண்ணி என்று கிளம்புவார்கள். அக்கா தனியாக ஏதாவது ஒரு வெளிநாட்டுக்குப் போவார். இலங்கை, நேபாளம் முடிந்துவிட்டது. போன வருஷம் கஜகஸ்தான் வரை விமானம், அங்கிருந்து வேனில் எல்லை தாண்டிக் கிர்கிஸ்தான். டிக்கெட் போட்டுக் கொடுத்த நான், தடித்த கோட்டு ஒன்று வாங்கச் சொன்னேன்.

"எம்புட்டுக் குளிர்ந்திரும்? கொடைக்கானல் மாதிரித்தான பிள்ள இருக்கும்" என்று ஒரு ஸ்வெட்டரோடு போனார்.

எல்லையில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தியவரே அந்த ஸ்வெட்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினாராம். வேனில் பக்கத்தில் இருந்த குல்மிரா என்ற பெண், தன் கோட்டில் பாதியை அக்கா மேல் போர்த்திவிட்டார். சாயங்காலம் மலைப்பாதையைப் பனி அடைத்துக்கொண்டது. வேன் மறுநாள்தான் கிளம்பும் என்று ஒரு கிராமத்தில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். அங்கே லாட்ஜ் கிடையாது. நல்லவேளை, குல்மிராவின் ஊரே அதுதான். தன் வீட்டுக்கு வரச் சொன்னார். பேச்செல்லாம் போனில் இருந்த மொழிபெயர்ப்பு ஆப் வழியாகத்தான்.

ரொட்டி, ஜாம், டீ என்று குல்மிராவின் கணவர் வைத்துக்கொண்டே இருந்தார். அறை நடுவே இரும்பு அடுப்பு. அதற்குள் ஈர விறகு ஒன்று பட்டென்று வெடித்து, ஒரு பொறி கம்பளத்தில் வந்து விழுந்தது.

"அந்தச் சத்தம் கேட்டா நான் ரோசிக்க மாட்டேன் பிள்ள, கை தானாப் போயிரும்" என்றார் அக்கா, ஊர் திரும்பி என்னிடம் சொன்னபோது.

எங்கள் கம்பெனியில் எந்த ஷெட்டானாலும் வாசலோரம் வாளி இருக்கும். அது தீயை அணைக்கத்தான். குல்மிரா வீட்டு வாசலோரமும் ஒரு வாளி இருந்தது. அக்கா அதைத் தூக்கி அடுப்பின் மேல் ஒரே வீச்சாக ஊற்றினார்.

அப்போதுதான் கறந்து வைத்த பால்.

அடுப்பு அணைந்தது. அறையெல்லாம் தீய்ந்த வாடை. கணவரின் மீசையிலிருந்து பால் சொட்டியது. வீட்டுப் பூனை மட்டும் சந்தோஷமாகக் கம்பளத்தை நக்கியது.

போகச் சொல்வதற்குள் நாமே போய்விடலாம் என்று அக்கா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து பனியில் நின்றார். போக இடமில்லை. "ராத்திரி வெறச்சிருவோம்னு நினைச்சேன். நம்ம ஆளுக வந்து தூக்கணும்னா விசா வேற எடுக்கணும்."

குல்மிரா வெளியே வந்து போனை நீட்டினார். "பாலை ஏன் ஊற்றினீர்கள்?" என்றது போன். அக்கா கம்பெனி, ஷெட், வாளி எல்லாவற்றையும் நடுங்கிக்கொண்டே சொன்னார். குல்மிரா அதைக் கேட்டுவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் கணவரின் சிரிப்பு தெருவரை கேட்டது. குல்மிரா திரும்பி வந்து அக்காவின் பையைப் பிடுங்கி உள்ளே வைத்தார்.

அடுப்பு மறுபடி எரிவதற்குள் விஷயம் கேள்விப்பட்டு அக்கம்பக்கத்தார் வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு தட்டில் தின்பண்டம். ஒருவர் ஞாபகமாகப் பாலும் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டுக்காரர் உட்கார்ந்ததும் சிகரெட்டை வாயில் வைத்து லைட்டரை எடுத்தார். அக்கா அவரைப் பார்த்தார். அவர் அக்காவைப் பார்த்தார். பிறகு எழுந்து, பூட்ஸை மாட்டிக்கொண்டு பனிக்குள் போனார்.

அவர் மனைவி போனை வாங்கி வெகுநேரம் பேசினார். போன் தமிழில் சொன்னது: "கல்யாணம் ஆன நாளிலிருந்து இவரை வெளியே போய்ப் புகைக்கச் சொல்லிக் கொண்டிருக்கிறேன். நாளை முதல் எங்கள் வீட்டில் தங்குங்கள்."

வீடு வீடாகத் தங்கவைத்து, விசா முடிகிற நாளில்தான் அக்காவை அந்த ஊரைவிட்டு அனுப்பினார்கள். வேறு என்னவெல்லாம் பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"எங்க பாக்க? விட்டாத்தான பிள்ள."