பக்கத்து வீட்டு முஸ்டாங்

எண்பதுகளின் நடுவில், புலம்பெயர்ந்து வந்து பக்குரங்கா என்ற ஊரில் வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை. காலையில் வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கண்ணை மூடினால், பக்கத்து வீட்டில் கார் உறுமத் தொடங்கும். துருப்பிடித்துக் கிடந்த பழைய அமெரிக்க முஸ்டாங் கார் ஒன்றை அந்த வீட்டுக்காரர் டெரி வாங்கித் திருத்திக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் எங்கள் ஜன்னல் கண்ணாடி அதிரும்.

ஒருநாள் தாங்க முடியாமல் வேலியடியில் போய் நின்றேன். "எனக்கு இரவு வேலை. பகலில்தான் படுக்கிறனான்" என்றேன். டெரி தலையாட்டினார்.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. "காரை வித்துப்போட்டார் போல கிடக்கு" என்றார் என் கணவர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சில மாதங்கள் கழித்து, ஒரு பகல் நித்திரை வராமல் திரையை விலக்கினேன். டெரியும் மனைவியும் அந்தக் காரைத் தெருவில் தள்ளிக்கொண்டு போனார்கள். இருவருக்கும் ஐம்பது தாண்டியிருக்கும். வீட்டு உடுப்போடு வெளியே ஓடினேன்.

"கார் பழுதோ?"

"இல்லை, நல்லா ஓடும்" என்றார் டெரி, மூச்சு வாங்க. "சந்திக்குப் போய்த்தான் ஸ்டார்ட் பண்ணுவம். நீங்கள் படுத்திருப்பீங்கள் எல்லோ."

ஒவ்வொரு முறையும் அப்படித்தான் போயிருக்கிறார்கள்.

நானும் பின்னால் போய்க் கைகொடுத்துத் தள்ளினேன். கார் அப்படிக் கனத்தது.

திரும்பி வந்து படுத்தபோதும் களைப்பு அப்படியேதான் இருந்தது. ஆனால், இந்த ஊரில் என் நித்திரையைப் பற்றி யோசிக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டே அன்று உறங்கிப்போனேன்.