ரெண்டு மணியக்காவும் அண்ணி வீட்டுச் செடியும்

ஆஸ்பத்திரியில் அவள் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. ரெண்டு மணியக்கா என்று கேட்டால் வாசல் காவலாளிகூட மாடியைக் கை காட்டுவார். இருபத்திரண்டு வருஷமாக எலும்பு முறிவு வார்டில் ஆயா வேலை. படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். மற்ற ஆயாக்கள் அப்படி இப்படி இழுத்தடிப்பார்கள். இவளிடம் அந்தப் பேச்சே கிடையாது. தூங்குகிறவரையும் புரட்டுவாள், திட்டுகிறவரையும் புரட்டுவாள். இவள் பார்த்துக்கொண்ட யாருக்கும் புண் வந்ததில்லை என்று பெரிய டாக்டரே சொல்வார். கையைச் சும்மா வைத்துக்கொள்ளத் தெரியாத பிறவி.

அந்தக் கைதான் மூன்று வருஷத்துக்கு முன்னால் வம்பை விலைக்கு வாங்கியது. அண்ணன் வீட்டுக்குப் போனவள் அண்ணியின் புது நான்ஸ்டிக் வாணலியைப் பார்த்தாள். உள்ளே ஒரே கறுப்பு. கம்பி நாரை எடுத்து, பளபளவென்று ஆகிற வரைக்கும் தேய்த்துத் தள்ளிவிட்டாள். அதோடு விட்டிருக்கலாம் இல்லையா? “இவ்வளவு அழுக்கா வச்சிருக்கீங்களே அண்ணி, பாத்திரம் தேய்க்கக்கூட உங்கம்மா சொல்லித் தரலையா?” என்று வேறு கேட்டுத் தொலைத்தாள். வாணலி போனது அண்ணிக்குப் பெரிதில்லை. அம்மாவை இழுத்ததுதான் சுருக்கென்று தைத்துவிட்டது.

சண்டையா போட்டாள் அண்ணி? போட்டிருந்தால் தேவலையே! அதுவரை வாடி, போடி, அறிவுகெட்டவளே என்று வாய் நிறையத் திட்டிக்கொண்டிருந்தவள், அன்றிலிருந்து மரியாதையாகப் பேச ஆரம்பித்தாள். வாங்க, உட்காருங்க, காப்பி குடிக்கிறீங்களா. ஒரு குறை சொல்ல முடியாது. அந்த மரியாதைக்கு நாலு அறை வாங்கியிருக்கலாம். கல்யாணம் ஆகாத ஒண்டிக்கட்டைக்கு உறவென்று இருப்பது அந்த ஒரு வீடுதான். அண்ணன் லாரி ஓட்டுகிறவன், பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். அண்ணி முகம் கொடுக்காவிட்டால் அந்த வீடு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அப்படி இருக்கையில் ஒருநாள் அண்ணியே போன் பண்ணினாள். “அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். நான் போய் நாற்பது நாள் கூட இருக்கணும். ஹால்ல இருக்கற செடிக்கு வாரம் ஒருதரம் தண்ணி ஊத்த முடியுமாங்க?”

இவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று வருஷத்துக்கு அப்புறம் தன்னை நம்பி ஒரு காரியம்! இதைமட்டும் ஒழுங்காகச் செய்துவிட்டால் போதும், பழையபடி ஆகிவிடலாம் என்று மனசு கணக்குப் போட்டது.

செடியின் பெயர் ஃபிடில் லீஃப். அத்தி ஜாதிதான். வயலினை நறுக்கி ஒட்டின மாதிரி அகல அகலமாய் இலை, ஆள் உயரம், ஜன்னலோரம் பீங்கான் தொட்டியில் நின்றது. இவள் எண்ணிப் பார்த்தாள், முப்பத்தொரு இலை. தண்ணீர் அண்ணி சொன்னபடி வாரம் ஒருதரம்தான், சொட்டு கூடவில்லை. ஆனால் பாருங்கள், எல்லா இலையும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றன. ஒரே பக்கமாக இருந்தால் என்னத்துக்கு ஆகும்? காலையில் டூட்டிக்குப் போகும்போது ஒரு திருப்பு, சாயங்காலம் வந்து ஒரு திருப்பு. வெயில் அடுத்த ஜன்னலுக்குப் போனால் தொட்டியும் அங்கே போகும். ஆளையே தூக்கிப் புரட்டுகிறவளுக்குத் தொட்டி எம்மாத்திரம்!

எட்டாம் நாள் அடியிலிருந்து ஒரு இலை விழுந்தது. காம்பு விட்ட இடத்தில் பால் கசிந்தது. ஐயோ பாவம் என்று பஞ்சை எடுத்து ஒற்றிவிட்டாள். மறுநாள் இன்னொன்று. கவனிப்பு போதவில்லை போலிருக்கிறது என்று நாலு தரம் திருப்பினாள். இலைகள் கொத்தாய் விழுந்தன. மூன்று வாரத்தில் பதினாலு போய்விட்டது. அண்ணி போனில் “செடி எப்படிங்க இருக்கு?” என்று கேட்டபோது, “இருக்கு அண்ணி” என்று சொல்லி வைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். இதுவும் போனால் அந்த வாசல்படியை மிதிக்க முகமேது?

உதிர்ந்த இலைகளைப் பையில் போட்டுக்கொண்டு நர்சரிக்காரரிடம் ஓடினாள். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

“நோயில்லையேம்மா. இடம் மாத்தினீங்களா?”

“லேசாத் திருப்பினேன். புண்ணு வந்துரக் கூடாதேன்னு.”

“எத்தனை தரம்?”

“முதல்ல ரெண்டு. அப்புறம் நாலு.”

“மாசத்துக்கா?”

“நாளைக்கு.”

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “வெளிச்சம் எந்தப் பக்கம்னு அது கண்டுபிடிச்சுத் திரும்பறதுக்குள்ள நீங்க திருப்பிடறீங்க. அது என்னதான் பண்ணும்? பழைய இடத்துல கொண்டு போய் வச்சிட்டு, கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா இருங்க.”

சும்மா இருப்பதாவது! அதைவிட வார்டு முழுக்க ஒற்றையாளாய்த் துடைக்கச் சொல்லியிருக்கலாம். தினமும் வேலை முடிந்து வந்து எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொள்வாள். அடுத்த நாலு நாளில் மூன்று இலை விழுந்தது. அதற்கப்புறம் விழவில்லை. ஒரு வாரம் விழவில்லை. அண்ணி வருவதற்கு முந்தின நாள் உச்சியில் பழுப்பு உறையைப் பிளந்துகொண்டு பச்சையாய் ஒரு நுனி. அப்பாடா என்று அங்கேயே தரையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

ஆனாலும் பதினேழு இலை பதினேழு இலைதானே. மறுநாள் அண்ணி பெட்டியோடு உள்ளே வந்தாள். செடியைப் பார்த்தாள். பாதித் தண்டு மொட்டையாய் நின்றது. இவள் எதையும் மறைக்கவில்லை, திருப்பினது, ஜன்னல் மாற்றினது, பஞ்சு வைத்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, “கை சும்மா இல்லை அண்ணி. அன்னிக்கு வாயும் சும்மா இல்லை. உங்கம்மாவை நான் சொல்லியிருக்கக் கூடாது” என்றாள்.

பெட்டியைக் கீழே வைத்தாள்.

“பஞ்சு வச்சியா?”

“ம்.”

“செடிக்கு?”

“பால் கசிஞ்சுதே...”

“அறிவிருக்காடி உனக்கு! ஆஸ்பத்திரியில உன்னை எவன் வேலைக்கு வச்சான்? அழகா நின்ன செடியை இப்படிச் சுத்தவிட்டுக் கொன்னிருக்கியே, நீ மனுஷியா ராட்டினமா? மூணு வருஷமா வாயே திறக்காம, இதைச் சொல்ல உனக்கு ஒரு செடி சாகணுமா?”

“சாகலை அண்ணி, மேல பாருங்க, துளிர்...”

“எதிர்த்துப் பேசாதடி! கழுதை! அழறதை நிறுத்திட்டு அந்தப் பெட்டியை உள்ள கொண்டு போய் வை.”

இவள் பெட்டியைத் தூக்கினாள். நல்ல கனம். அழுகையோடு சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. அடக்கத் தெரியவில்லை, அடக்கவும் இல்லை. பின்னாலேயே அண்ணி இன்னும் திட்டிக்கொண்டு வந்தாள்.