பேட்ஜில் மிஞ்சிய ஊசி ஓட்டைகள்

கஞ்சி போட்ட புது வெள்ளைத் துணியின் வாசனை மூக்கில் ஏறினால் போதும், ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டில் தையல் மெஷின்மேல் குனிந்திருந்த அம்மா கண்முன் வந்துவிடுவாள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பிளாஸ்டிக் பைகளை எதிர்த்துக் காலனிக்காரர்கள் ஊர்வலம் போவதென்று முடிவாகி, அதற்கு 'பிளாஸ்டிக் குரூசேட்' என்று பெயரும் வைத்தாகிவிட்டது. தோளில் குத்திக்கொள்ளும் நாற்பது 'பேட்ஜ்' அம்மாவின் பொறுப்பு. சுகாதாரம் என்றால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றால் சிவப்புக் கூட்டல் குறி என்று அவள் தன் போக்கில் முடிவுகட்டி, நாற்பதிலும் அதையே தைத்துவிட்டாள்.

எதிர்வீட்டு ரெஹானாவிடம் முதல் பேட்ஜை நீட்டினேன். பார்த்தவள் அவர்கள் வீட்டு உருதுவில் "நக்கோ", வேண்டாம், என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஊர்வலத்துக்குக் கோஷம் எழுதியவளே அவள்தான்; எனக்கிருந்த ஒரே தோழியும் அவள்தான். பேட்ஜில் என்ன தப்பென்று புரியாமல், அப்பாவின் கலைக்களஞ்சியத்தில் 'குரூசேட்' என்ற சொல்லைத் தேடிப் புரட்டினேன். அந்தச் சொல்லின் வேரே சிலுவைதானாம். முஸ்லிம்கள் வசமிருந்த ஜெருசலேமைப் பிடிக்கப் புறப்பட்ட ஐரோப்பியர்கள், சபதத்தின் அடையாளமாகத் துணிச் சிலுவையைத் தோளில் தைத்துக்கொண்டார்களாம். நல்ல காரியத்துக்கான போராட்டத்தையும் அப்படிச் சொல்வது பிற்பாடு வந்த வழக்கம். ஒன்றும் அறியாத என் அம்மா அதையே தைத்து வைத்திருந்தாள்.

விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். திருநெல்வேலிக்காரிக்குக் கோபம் வந்துவிட்டது. "எந்தக் காலத்துக் கதைட்டி அது? நாப்பதையும் பிரிக்கவா சொல்லுத?"

ஆமாம் என்று பிளேடோடு உட்கார்ந்துவிட்டேன். திட்டித் தீர்த்த அம்மாவும் கொஞ்ச நேரத்தில் இன்னொரு பிளேடை எடுத்தாள். பிரித்து முடித்தும் துணியில் ஊசி ஓட்டைகள் அதே வடிவத்தில் நின்றன. எதிர்வீட்டுக் கதவைத் தட்டி அவற்றைக் காட்டினேன். ரெஹானா ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், பச்சை நூல் கேட்டாள், ஓட்டைகளை மூடி ஓர் இலை தைத்தாள். மறுநாள் எங்கள் வரிசையில் அவள் குரல்தான் உரக்கக் கேட்டது.

இன்று அந்த மெஷினும் இல்லை, வீடும் இல்லை. அந்த இடத்தில் ஐந்து மாடி நிற்கிறது. போன வாரம் எங்கள் குடியிருப்பின் வாட்ஸப்பில் 'கொசு குரூசேட்' என்று அறிவிப்பு வந்தது. செயலாளருக்குப் போன் போட்டு, பெயரை மாற்றச் சொன்னேன்.

"இதுக்கெல்லாம் யாருங்க மேடம் அர்த்தம் பாக்குறாங்க?" என்று அவர் சிரித்தார்.

"என் தோழி பார்த்தா," என்றேன். "பார்த்துட்டுக் கதவைச் சாத்திட்டா."