பனிப்பாட்டும் அடக்க ராகமும்

தொண்ணூறுகளில், ஆம்பூரில் நான் எட்டாம் வகுப்பு படித்தபோது எனக்கு ‘இங்கிலீஷ் டாக்டர்’ என்று பட்டப்பெயர். பகல் சாப்பாட்டு மணி அடித்ததும் பாதி வகுப்பு டிபன் பாக்ஸோடு என்னைச் சுற்றி உட்கார்ந்துவிடும். கட்டுரை, கடிதம், பாட்டு விளக்கம் எல்லாம் என் வாயிலிருந்துதான் அவர்கள் நோட்டுக்குப் போகும். எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்திதான்.

என்னால் தேற்ற முடியாத ஒருத்தி மேகலா. கணக்கில் புலி, இங்கிலீஷில் பூஜ்யம். அரைப்பரீட்சையில் அவள் ஃபெயிலானதும் அவள் அம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். “அடுத்த தபாவும் இங்கிலீஷ்ல போச்சுன்னா டீசி குடுத்துடுங்க மேடம். அக்காகாரி கூட ஷூ கம்பெனி வேன்ல ஏத்திடுறேன்” என்று எச்.எம். அம்மாவிடம் சொன்னதை வராந்தாவில் நின்று நாங்கள் இருவருமே கேட்டோம். மேகலா அன்று சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

முழுப்பரீட்சையில் பார்க்காமல் எழுத ஒரு பாட்டு உண்டு. யாரோ ஒரு வெள்ளைக்காரர் பனி விழுவதைப் பற்றி எழுதிய பன்னிரண்டு வரிகள். ஆம்பூர் வெயிலில் உட்கார்ந்து பனியை மனப்பாடம் செய்வது லேசில்லை. “இன்னா பண்ணாலும் மண்டைல ஏறலடி” என்று மேகலா அழுதாள்.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. அப்பா எங்கள் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். அடி ஒத்துவந்தால் எந்தப் பாட்டையும் எந்த ராகத்திலும் பாடலாம் என்பது எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு நன்றாகத் தெரிந்த ராகம் ஒன்றில் பனிப்பாட்டைப் போட்டுப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. இரண்டே நாளில் மேகலா மட்டுமல்ல, வகுப்பு முழுவதும் வேப்பமரத்தடியில் அதை உருகி உருகிப் பாடியது.

எச்.எம். அம்மா அறையிலிருந்து பதறிக்கொண்டு ஓடிவந்தார். “யாருமா போய்ட்டாங்க?”

அவரும் எங்கள் சபைதான். நான் எடுத்தது அடக்க ராகம்; கல்லறைத் தோட்டத்தில் சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது பாடுவது. அப்பா அதை அடிக்கடி வாசித்ததால்தான் எனக்கு அவ்வளவு நன்றாக வந்தது. விஷயத்தைக் கேட்டதும் எச்.எம். அம்மா முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, “பரீட்சை ஹால்ல ஒரு முணுமுணுப்பு கேட்டாலும் பேப்பரைப் பிடுங்கிடுவேன்” என்றார்.

பரீட்சை அன்று ஹாலுக்கு அவரே வந்தார். எல்லோரும் உதட்டை மட்டும் அசைத்துப் பனிப்பாட்டை எழுதி முடித்தார்கள். மேகலா எழுதவில்லை. வாய்விட்டுத் தொடங்காமல் அவளுக்கு முதல் வரியே வராது. பேனாவைக் கடித்தபடி வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எச்.எம். அம்மா நடந்துகொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் வாய்க்குள் மெல்ல ஏதோ இழுக்க ஆரம்பித்தார். அதே அடக்க ராகம். அவர் நான்காவது முறை சுற்றி வரும்போது மேகலாவின் பேனா ஓடிக்கொண்டிருந்தது.

அவள் நூற்றுக்கு முப்பத்தேழு வாங்கி ஒன்பதாம் வகுப்புக்கு வந்தாள். ரிசல்ட் அன்று வாத்தியார் நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

பரீட்சை முடிந்த அன்று சாயங்காலமே அப்பாவிடம் கவலையோடு சொன்னேன். “எச்.எம். வீட்ல யாரோ தவறிட்டாங்க போலப்பா. ஹால்ல அடக்கப் பாட்டையே முணுமுணுத்துக்கிட்டு இருந்தாங்க. மேகலா பெஞ்சுகிட்ட வந்தா அப்படியே நின்னுடறாங்க, பாவம்.”

அப்பா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சாவு வீட்டு விஷயத்துக்குச் சிரிக்கிறாரே என்று எனக்கு ஒரே கோபம். அன்றைய குடும்ப ஜெபத்தில் எச்.எம். அம்மாவின் வீட்டாருக்கு ஆறுதல் தரும்படி நானே சத்தமாக வேண்டிக்கொண்டேன்.